மரத்தின் மூச்சும் சேற்றின் மூச்சும்

ஐம்பூதங்களுள் கண்ணுக்குத் தோன்றாது மெய்யால் உணரப்படுவது காற்று. காளத்தியில் இறைவன் வாயுலிங்கமாக எழுந்தருளியிருக்கிறான். கருவறையில் அசையும் விளக்குச் சுடரையே அதற்கு அடையாளமாகக் காட்டுவர். அந்தக் காற்றில் உயிர்கள் இடையறாது வெளிவிடும் ஆவிகளும் நுண்துகள்களும் கலந்திருக்கின்றன. அவற்றுள் மூன்றினை, நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதியைக் கொண்டே இவ்வாரம் சிந்திப்போம்.

முதலாவது மரத்தின் மூச்சு. காலையில் நீராடி அரச மரத்தை வலம் வருவது நம் முன்னோர் வகுத்த வழக்கம். அம்மரம் இரவிலும் பிராணவாயுவைத் தருகிறது என்று சொல்லக் கேட்டிருப்போம். உண்மை அதுவன்று. இரவில் அதுவும் நம்மைப் போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. கதிரவன் எழுந்த பின்னரே அது பிராணவாயுவைப் பெருக வழங்குகிறது. அத்துடன், வெப்பத்திலிருந்து இலைகளைக் காக்க உதவும் ஐசோப்ரீன் என்னும் ஆவியையும் விடுகிறது. துளசியையும் வில்வத்தையும் கசக்கினால் எழும் மணமும் இத்தகைய ஆவிகளால் ஆனதே. உலகத் தாவரங்கள் யாவும் ஆண்டுதோறும் இவ்வாறு விடும் ஆவிகள் ஏறத்தாழ 100 கோடி டன் என மதிப்பிடுகின்றனர். இவை காற்றில் மாற்றமுற்று நுண்துகள்களாகின்றன. அத்துகள்களைப் பற்றிக்கொண்டு நீராவி மேகத் துளியாகிறது. ஜவ்வாது மலையும் ஏலகிரியும் தொலைவில் நீலமாகத் தெரிகின்றன அல்லவா? அத்தகைய நீல மூட்டத்தில் மரங்களின் ஆவிக்கும் பங்குண்டு என்று ஃபிரிட்ஸ் வென்ட் என்னும் அறிஞர் 1960இல் எழுதினார்.

இரண்டாவது மண்ணின் மூச்சு. கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையை விரும்பாதார் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலிய மண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. மழைத்துளி மண்ணில் மோதுகையில் சிறு குமிழிகள் தோன்றி வெடித்து, அம்மணத்தை நுண்திவலைகளாக மேலே எறிகின்றன. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2015இல் இதனைப் படம்பிடித்தே காட்டினர்.

மூன்றாவது சேற்றின் மூச்சு. வற்றிய குளத்தின் அடியிலுள்ள கருஞ்சேற்றைக் காலால் கலக்கினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அங்கே காற்றின்றியே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. நாம் பிராணவாயுவைக் கொண்டு வாழ்வது போல் அவை சல்பேட் என்னும் கந்தக உப்பைக் கொண்டு வாழ்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. திறந்த குளத்தில் அது சிறிதளவே எழுந்து காற்றில் கரைந்துவிடும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை.

அதே நுண்ணுயிர்களுக்கு நாம் பெருவிருந்து படைத்து மேலே மூடியும் இட்டால் என்னாகும்? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடைச் சேர்ப்பர். பதனிடக் குரோமியம் சல்பேட்டைச் சேர்ப்பர். எனவே கழிவுநீரில் கந்தக உப்புகளும் தோலின் துணுக்குகளும் மிகுந்திருக்கும். பாலாற்றை இக்கழிவு கெடுப்பதைக் கண்டு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வழங்கியதைப் பலரும் அறிவர். ஆற்றுக்கு இழைத்த தீங்கு வெளியே தெரிந்தது. மூடிய தொட்டிக்குள் தேங்கும் வாயு அவ்வாறு தெரிவதில்லை.

அவ்வாயு காற்றினும் கனமானது. குழியின் அடியிலேயே தங்கும். குறைந்த அளவில் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் சில மூச்சுகளுக்குள் நினைவிழந்து வீழ்வார். அவரைக் காக்கத் துடித்து இறங்கும் உடன்பிறந்தாரும் உடன்வேலை செய்வோரும் அங்கேயே வீழ்வர். தோல் தொழிற்சாலைத் தொட்டிகளில் மட்டுமன்றி, வீட்டுக் கழிவுத்தொட்டிகளிலும் இத்தகைய மரணங்கள் நேர்கின்றன.

பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. பிராணவாயு மிகக் குறைந்திருந்தால் சுடர் அணையும். ஆனால் நச்சுவாயு இருப்பதை அது காட்டாது. தொட்டி வாயு தீப்பற்றக் கூடியதுமாகையால் அங்கே விளக்கைக் கொண்டுசெல்வதே ஆபத்து.

வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆள் வைத்து வேலை வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் பெரியவர்களாகிய நம்மிடமே இருக்கிறது. ஆகவே ஒரு விண்ணப்பம். கழிவுத்தொட்டியைத் தூய்மை செய்ய எவரையும் உள்ளே இறக்க வேண்டாம். உறிஞ்சும் இயந்திர வண்டியை அழைப்போம். கூலி சிறிது கூடலாம். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. இவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. எத்தனை லட்சம் அளித்தாலும் போன உயிர் மீளாது. எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் பின்தொடர்ந்து இறங்காமல், 101இல் தீயணைப்புத் துறையையும் 108இல் ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். சுவாசக் கருவி அணிந்தவரே இறங்கத் தக்கவர்.

பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் இறைவன் மார்க்கபந்தீசுவரராக, வழித்துணை நாதராக அருள்புரிகிறான். நாம் ஏறிச்செல்லும் வழிக்குத் துணையை வேண்டுகிறோம். பிழைப்புக்காகக் குழிக்குள் இறங்க வருபவனுக்கும் அவனே துணை. அவனைத் தடுத்து நிறுத்தி, கூலியும் குறையாமல் கொடுத்தனுப்பும் நம் சொல்லிலும் அந்தத் துணை வெளிப்படட்டும்.