பாதியில் காட்டினால்தான் திருத்த முடியும்

உங்கள் வீட்டில் யாராவது பிஎச்டி செய்கிறார்களா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

யாரும் செய்யலைன்னாலும் படிங்க. ஐசியூவில் உங்கள் அப்பாவுக்கு மருந்து ஏற்றும் பம்ப் ஓடுவதே மென்பொருளில்தான். அந்த மென்பொருளில் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராயும் துறைதான் மென்பொருள் பொறியியல்.

இந்தத் துறையின் முதன்மையான மாநாடுகளில் ஒன்று ஐசிஎஸ்இ. 1975ல் தொடங்கியது. 2014ல் நம்ம ஹைதராபாத்திலும் நடந்தது. அதில் 'டாக்டோரல் சிம்போசியம்' என்று ஓர் அமர்வு உண்டு. முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டுமானது.

மாணவர் சில பக்கங்கள் எழுதித் தரணும். என்ன பிரச்சனை, முன்னால் செய்தவர்கள் எதை விட்டார்கள், நான் என்ன செய்யப் போகிறேன், அது வேலை செய்ததென்று எப்படி நிரூபிப்பேன். அப்புறம் வேறு பல்கலைக்கழகங்களின் மூத்த ஆய்வாளர்கள் முன் நின்று பேசணும். மதிப்பெண் கிடையாது. பாஸ், ஃபெயில் கிடையாது. கேள்விகளும் ஆலோசனைகளும் மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே அழைக்கப்படுவது ஆய்வை முடித்தவர்கள் அல்ல. தலைப்பு ஓரளவு முடிவாகி, இன்னும் மாற்றிக்கொள்ள நேரம் இருப்பவர்கள்.

மருத்துவத்தில் இதற்கு 'ட்யூமர் போர்டு' என்று பெயர். புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் முன்பே சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ தரும் மருத்துவர், பயாப்சி பார்த்தவர், ஸ்கேன் பார்த்தவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். ஆபரேஷன் முடிந்த பிறகு பேசினால் நமக்கு அறிவு வரும். அந்த நோயாளிக்கு அதனால் என்ன பயன்?

சரி, அங்கே என்ன கேட்பார்கள்?

ஒரு மாணவர் "என் கருவி நிரலில் உள்ள பிழைகளைத் தானாகக் கண்டுபிடிக்கும்" என்கிறார் என்று வையுங்கள். உடனே கேள்வி வரும்: நூறு எச்சரிக்கை தந்தால் அதில் எத்தனை பொய்? ஐசியூ மானிட்டர் சும்மா சும்மா அலறினால், நிஜமாக அலறும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிரல் எழுதுபவர்களும் அப்படித்தான், பொய் எச்சரிக்கை அதிகமானால் கருவியையே அணைத்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி: உங்கள் ஏஐ மாடலைச் சோதித்த நிரல்களை அது பயிற்சியிலேயே பார்த்திருந்தால்? வினாத்தாள் லீக் ஆன பரீட்சையில் சென்டம் வாங்கி என்ன பயன்?

இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்வி வந்தால் சோதனையை மாற்றலாம். ஐந்தாம் ஆண்டில் வந்தால் அழத்தான் முடியும்.

வெளிக்கண் படாத வேலை என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு. குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். ஆபரேட்டர் தவறாகத் தட்டியதைச் சட்டென்று திருத்தினால் திரை ஒன்று காட்டும், இயந்திரம் வேறொன்று செய்யும். அந்த மென்பொருளை எழுதியவர் ஒரே ஒருவர். வெளியாட்கள் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

நம் நாட்டில் யுஜிசியின் 2022 விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் மாணவர் முன்னேற்றத்தைச் சொல்லணும். நல்ல விதி. ஆனால் குழுவைக் கூட்டுபவர் அதே கைடுதான். டீ, சமோசா, கையெழுத்து என்று முடிந்தால் விதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மாணவர்களே, "ஐடியாவைத் திருடிட்டா?" என்று பயப்படாதீங்க. உங்கள் பெயரோடும் தேதியோடும் அச்சில் வருவதுதான் பாதுகாப்பு. பூட்டி வைப்பது அல்ல.

கைடுகளே, உங்கள் மாணவரை அடுத்தவர் கேள்வி கேட்டால் அது உங்களுக்கு அவமானம் இல்லை. செகண்ட் ஒப்பீனியன் கேட்கும் நோயாளி மேல் நல்ல மருத்துவர் கோபப்படுவதில்லை.

நிபுணர்களே, "இது தேறாது" என்பது கருத்து அல்ல. எதைக் காட்டினால் நம்புவீர்கள் என்று சொல்லுங்கள். வேலையைக் கிழியுங்கள், பிள்ளையைக் கிழிக்காதீர்கள்.

பெற்றோர்களே, "எப்போ முடிப்பே?" என்று கேட்பதைக் கொஞ்சம் நிறுத்துங்க. "இதுவரை யார்கிட்ட காட்டினே, அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேளுங்க.