மீனுக்கு மருந்து, இறாலுக்கு விஷம்

செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். தண்ணீரிலுள்ள கிருமிகளைச் செம்பு கொல்லும் என்பது வாஸ்தவந்தான். ஆனால், அதே செம்பு ஒரு வீட்டில் எமனாக வந்த கதையைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி மகள், ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறாள். பாறை, பவளம், வண்ண மீன்கள், கோடு போட்ட இறால்கள் - பார்க்கக் கண் கோடி வேண்டும்! போன வருஷம் ஒரு நாள் டெலிபோனில் அழுதாள்.

"அக்கா, மீன் மேலெல்லாம் உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடையில் கொடுத்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினேன். மீன் தேறி வருகிறது. ஆனால் இறாலெல்லாம் செத்துப் போச்சு. பவளம் சுருங்கிக் கிடக்கு. 'மருந்து கொடுத்தால் செத்துப் போகுமா அம்மா?' என்று பையன் கேட்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

"மருந்துப் புட்டியில் என்ன போட்டிருக்கிறது, படி" என்றேன். படித்தாள். தாமிரம்!

வெள்ளைப் புள்ளிக் கிருமியைக் கொல்ல, லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் தாமிரம் போதும். மீன் அதைத் தாங்கும். இறால், நத்தை, பவளம் தாங்கா. வேடிக்கை என்னவென்றால், நம் இரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல் இறாலின் இரத்தத்தில் இருப்பதே தாமிரந்தான்! அளவு மிஞ்சினால் அதுவே விஷம். 1761-ம் வருஷத்திலேயே பிரிட்டிஷ் கடற்படையார் 'அலாரம்' என்ற மரக் கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள், மரத்தைத் துளைக்கும் கடற்புழு அண்டாமலிருக்க!

விஷயம் தெரிந்தவர்களை விசாரித்து அவளுக்குச் சொன்னேன். மிஞ்சிய நத்தைகளையும் பவளங்களையும் உடனே வேறு சுத்தமான உப்பு ஜலத்துக்கு மாற்றினாள். மீன்களுக்குத் தனித் தொட்டியில் வைத்தியம் தொடர்ந்தது. பெரிய தொட்டியின் ஜலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஆக்டிவேட்டட் கரியும், தாமிரத்தைப் பிடித்ததும் நீலமாக மாறும் விசேஷ வடிகட்டியும் போட்டாள்.

அத்துடன் தீர்ந்ததா? இல்லை! சுண்ணாம்புப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லக் கக்கும். இன்று பரீட்சையில் 'இல்லை' என்று வரும். பத்து நாள் கழித்து 'இருக்கிறது' என்று வரும். ஆகவே வாரந்தோறும் சோதித்தாள். பழைய மணலை அப்படியே எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். குழாய் இணைப்பில் பித்தளை இருக்கிறதா என்றும் பார்த்தாள். பித்தளையிலும் தாமிரம் உண்டல்லவா?

சில மாதம் கழித்து, முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டாள். அது கண்ணாடியில் ஊர்ந்து ஏறியதைக் கண்டு பையன் குதித்தானாம்!

நம் நாட்டிலோ, பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வந்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் இறாலும் நத்தையும் உள்ள சாதாரணத் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நோயுற்ற மீனைத் தனியே எடுத்து வைத்து மருந்து கொடுங்கள். புட்டியைத் திறக்குமுன், அதில் ஒட்டியிருக்கும் சீட்டை ஒரு தடவை படியுங்கள்.

பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும்போது படிக்கிறோமே, அதுபோல!