கிரிபோயெதோவைக் கொன்றது யார்?

ரஷ்ய இலக்கியத்தில் ஒரே ஒரு நாடகத்தால் நிலைத்த பெயர் அலெக்சாண்டர் கிரிபோயெதோவ். "அறிவினால் வந்த துன்பம்" என்ற அந்தக் கவிதை நாடகத்தை எழுதியவர், ரஷ்யாவின் தூதராகத் தெஹ்ரானுக்குப் போனார். 1829 பிப்ரவரி 11 அன்று தூதரகத்துக்குள் புகுந்த கும்பல் அவரையும் அவருடன் இருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களையும் வெட்டிக் கொன்றது. தூதரக அதிகாரிகளில் உயிர் தப்பியவர் செயலாளர் மால்ட்சோவ் ஒருவரே.

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்கிறார்கள்? மதவெறி பிடித்த கூட்டம் ஒரு மேதையைக் கொன்றுவிட்டது என்பார்கள். அத்துடன் கதை முடிந்துவிடும். இது பாதி உண்மை. பாதி உண்மை பல நேரங்களில் முழுப் பொய்யை விட மோசமானது.

கூட்டம் ஏன் திரண்டது என்று பார்ப்போம். 1826 முதல் 1828 வரை நடந்த போரில் பாரசீகம் ரஷ்யாவிடம் தோற்றது. 1828 பிப்ரவரி 22 அன்று துர்க்மன்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. யெரெவான், நக்சிவான் பகுதிகள் ரஷ்யாவுக்குப் போயின. அதற்கு மேல் 2 கோடி வெள்ளி ரூபிள் இழப்பீடு வேறு. பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா அரண்மனைப் பொன் சாமான்களை உருக்கிப் பணம் கட்ட வேண்டிய நிலை. பிடித்து வைத்திருக்கும் கைதிகளை எல்லாம் திருப்பித் தர வேண்டும், ஆர்மீனியர்கள் விரும்பினால் ரஷ்யப் பகுதிக்குக் குடிபெயரலாம் என்றும் ஒப்பந்தம் சொன்னது.

இந்த ஒப்பந்தத்தைப் பேசி உருவாக்கியவர்களில் முக்கியமானவர் யார்? கிரிபோயெதோவ்தான். அதைத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டு போனவரும் அவரே. பீரங்கி முழங்க வரவேற்பு, பதவி உயர்வு, வைரம் பதித்த பதக்கம், பொற்காசுகள் என்று பரிசுகள் குவிந்தன. பிறகு அதே ஒப்பந்தத்தை வரிக்கு வரி நிறைவேற்றி வாங்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. கையெழுத்தான நாளிலிருந்து ஒரு வருடம் நிறைவதற்குள் அவர் உயிருடன் இல்லை.

உடனடிக் காரணமும் ஒப்பந்தத்திலிருந்தே வந்தது. ஷாவின் அந்தப்புரத்தில் பணிபுரிந்த மிர்சா யாகூப் என்ற ஆர்மீனியர் சொந்த ஊர் திரும்ப வேண்டும் என்று தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அரண்மனை ரகசியங்கள் அறிந்தவர் அவர். ஷாவின் மருமகன் அல்லாயார் கான் வீட்டிலிருந்து இரண்டு ஆர்மீனியப் பெண்களும் அழைத்து வரப்பட்டார்கள். மிர்சா மசீ என்ற மதத் தலைவர் மக்களைத் தூண்டினார், கடைகள் அடைக்கப்பட்டன, கூட்டம் திரண்டது. தூண்டியவர் குற்றவாளிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோல்வியும் அவமானமும் வரிச்சுமையும் இல்லாத ஊரில் அந்தத் தீ இவ்வளவு வேகமாகப் பற்றியிருக்குமா?

சிலர் இதை பிரிட்டிஷ் சதி என்பார்கள். ரஷ்யாவின் செல்வாக்கு வளர்வதை பிரிட்டன் விரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் விருப்பமின்மை வேறு, கொலைச் சதி வேறு. இரண்டையும் இணைக்க உறுதியான ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

மூன்றாவது சமாதானம்தான் மிகவும் கசப்பானது. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் நெஸ்ஸல்ரோடே, இறந்தவரின் அவசரபுத்தியே காரணம் என்ற தொனியில் எழுதினார். ஒப்பந்தத்தை நிறைவேற்று என்று அனுப்பிய அரசு, நிறைவேற்றியதற்காகவே அவரைக் குறை சொன்னது! தஞ்சம் கேட்டு வந்த யாகூபை வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தால் கிரிபோயெதோவ் ஒருவேளை பிழைத்திருக்கலாம். அவர் தள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் மதிக்க வேண்டிய செயல் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அதற்காக அவரை அப்பாவித் தியாகி ஆக்கிவிடவும் முடியாது. அவருடைய நாடகத்தின் நாயகன் சாட்ஸ்கி பதவிக்கும் பட்டத்துக்கும் குனியும் மாஸ்கோ சமூகத்தைக் கிழித்துப் போடுகிறான். வாய் திறக்காமல் முன்னேறும் மோல்சாலின் போன்ற அதிகாரிகளைப் பார்த்துச் சிரித்த பேனா அது. அந்த நாடகத்தைத் தணிக்கைத் துறை முழுசாக வெளிவர விடவில்லை. 1825-ல் சில பகுதிகள் மட்டும் அச்சாயின. மக்கள் கையால் எழுதிப் பிரதி எடுத்துப் படித்தார்கள். 1826-ல் டிசம்பர் கிளர்ச்சி விசாரணையில் அரசு அவரைக் கைது செய்து சில மாதங்கள் அடைத்து வைத்தது, பிறகு குற்றமற்றவர் என்று விடுவித்தது. தன் நூலைத் தடுத்து, தன்னைச் சிறையில் வைத்த அதே அரசுக்காகத்தான் அவர் தோற்ற நாட்டிடம் பணம் வசூலிக்கப் போனார். எழுத்தாளர் வேறு, தூதர் வேறு என்று பிரித்துச் சொல்வது சௌகரியமான பேச்சு. இரண்டும் ஒரே மனிதர்தான்.

எழுத்தாளர்கள் அரசுப் பணிக்கே போகக் கூடாது என்பது இதன் பொருள் அல்ல. போகிறவர் எந்த ஒப்பந்தத்தைச் சுமந்து போகிறார் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கூட்டத்தை மட்டும் திட்டினால் ஒப்பந்தம் போட்டவர்கள் தப்பித்துக் கொள்கிறார்கள்.

உண்மையில் அவர்கள் தப்பித்தும் விட்டார்கள். ரஷ்யா அப்போது துருக்கியுடன் போரில் இருந்தது, இன்னொரு போர் வேண்டாம் என்று ஜார் முதலாம் நிக்கோலஸ் நினைத்தார். ஷாவின் பேரன் குஸ்ரவ் மிர்சா மன்னிப்புக் கேட்டுப் பரிசுகளுடன் பீட்டர்ஸ்பர்க் வந்தார். அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் 88.7 காரட் "ஷா" வைரம் இந்தியாவில் எடுக்கப்பட்டது. அகமதுநகர் சுல்தான், ஷாஜகான், பாரசீக ஷா என மூன்று மன்னர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஜார் அந்தத் தூதுக்குழுவைக் கௌரவமாக வரவேற்றார். இழப்பீட்டில் ஒரு பகுதியையும் தள்ளுபடி செய்தார். கணக்கு முடிந்தது.

நினோ சாவ்சவாட்ஸேக்கு மட்டும் கணக்கு முடியவில்லை. ஜார்ஜியக் கவிஞரின் மகளான அவளுக்கு 1828-ல் கிரிபோயெதோவுடன் திருமணம் நடந்தபோது 16 வயதுகூட நிரம்பவில்லை. கணவர் தெஹ்ரான் போனபோது கர்ப்பிணி. குழந்தையும் பிழைக்கவில்லை. 1857-ல் இறக்கும்வரை மறுமணம் செய்யவில்லை. திபிலிசியின் மலைச்சரிவில் இருவரும் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

வைரம் இன்றும் மாஸ்கோ கிரெம்ளினில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அது எந்த அரசன் கொடுத்தது என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. அதை வாங்கிக்கொண்டு வாய்மூடிய அரசன் யார் என்றும் கேட்க வேண்டும்.