மஞ்சள் இலைக்கு ஒரு பிடி உரமா?

கறிவேப்பிலைச் செடி மஞ்சளடித்தால் நம்மில் பலர் முதலில் தேடுவது உரப் பொட்டலத்தைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து மூன்று ஆண்டுகள் தொட்டியில் வளர்த்த செடி. ஒரு பிடி உரம் போட்டேன். சில நாள்களில் இலை ஓரங்கள் கருகின. பிறகு செடியே பட்டுப்போனது. தொட்டியைக் கவிழ்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அடித்துளை அடைபட்டு, வேர் அழுகத் தொடங்கியிருந்தது. அதற்குப் பசியே இல்லை.

இரசாயன உரம் ஒருவகை உப்பு. அது மண்ணில் மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால், உரத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் துளையைச் சரிசெய்து, நீரைக் குறையுங்கள். மண் இறுகியிருந்தால், தோட்ட மண் 2 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு கலந்து மாற்றி நடுங்கள்.

மண் நன்றாக இருந்தும் அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நம் ஊர் அடைமழை அந்தச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு எனச் சந்தேகிக்கலாம்.

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 15-15-15 உரம் என்றால், ஓரடி அகலத் தொட்டிக்கு மாதம் ஒருமுறை அரைத் தேக்கரண்டி போதும். ஈர மண்ணில், தண்டைவிட்டுத் தள்ளி ஓரமாகத் தூவி நீர் ஊற்றுங்கள். கை தவறி அதிகமாகிவிட்டதா? மேலே கிடப்பதை அள்ளிவிட்டு, துளை வழியே வடியும்வரை இரண்டு மூன்று முறை நிறைய நீர் விடுங்கள்.

காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் நேரே கொட்டினால் எறும்பும் ஈயும்தான் வரும், மக்கவைத்துப் போடுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

அம்மா வீட்டு மரத்தடியிலிருந்து இன்னொரு கன்று கொண்டுவந்து வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு இலை மஞ்சளானது. இம்முறை உரப் பொட்டலத்தைத் தொடவில்லை. முதலில் துளையைப் பார்த்தேன்.