தோற்றாலும் தொடரும் கதை

2016 ஆகஸ்ட் 6 அன்று ‘போக்கிமான் கோ’ கைப்பேசி விளையாட்டு சிங்கப்பூருக்கு வந்ததும் ஊரே கைப்பேசியும் கையுமாக நடந்தது. உயிரினங்களைப் பிடிப்பதும் சேர்ப்பதும் அதில் இருந்தன. ஆனால் 1996இல் ஜப்பானில் தொடங்கிய மூலப் போக்கிமான் விளையாட்டுகளின் கதையோட்டம் அதில் மெலிந்துவிட்டது. எனக்கு முக்கியம் அந்தக் கதைதான். சிற்றூரில் ஒரு பிள்ளை, வழியனுப்பும் அம்மா, மூன்று உயிரினங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பேராசிரியர், கூடவே வளரும் போட்டியாளன், வென்றெடுக்க எட்டுப் பதக்கங்கள். பெரும்பாலான பதிப்புகளில் இதே சட்டகம்தான். அரைத்த மாவு என்று இதை ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. இந்த மரபின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது: சண்டையில் வீழும் உயிரினம் சாவதில்லை, மயங்குகிறது, இலவசச் சிகிச்சை பெற்று எழுகிறது. தோற்றவர் பணத்தில் ஒரு பகுதியை இழப்பார். சேர்த்த அனுபவம் போகாது. பன்னிரண்டு வயதிலேயே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயை வாழ்வின் தீர்ப்பாக எண்ணி அஞ்சும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா? சிங்கப்பூரின் தமிழ்ச் சிறார் எழுத்தாளர்கள் இந்தச் சட்டகத்தைத் துணிந்து கைக்கொள்ள வேண்டும். தேக்காவின் பஃபலோ ரோட்டிலிருந்து ஒரு பிள்ளை புறப்படட்டும், தோற்கட்டும், எழட்டும். அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கட்டும்.