பனிநாட்டார் எழுதிய ஏடுகள்

உலகத்து மக்களை நூலுடையார் எனவும் நூலில்லார் எனவும் இரு கூறாக்கி உரைக்கும் வழக்கம் கற்றோரிடத்தும் வேரூன்றியுள்ளது. கிரீன்லாந்து முதல் கனடாவின் வடபகுதியூடே அலாஸ்கா ஈறாகப் பரந்த பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்கள் நெடுங்காலம் நூலில்லார் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டனர். எஸ்கிமோக்கள் எனப் பிறர் இட்டு வழங்கிய பெயரை அவர்களுட் பலர் விரும்புவதில்லை. ஆதலின் நாமும் அதனை இங்கு ஆளேம். பனிக்கட்டியால் வீடு கட்டுவர், நாய்களைப் பூட்டிச் சறுக்குவண்டி செலுத்துவர், கடல்நாயை ஈட்டியாற் கொல்லுவர் என்னும் அளவில் பூகோளப் பாடம் அவர்களைப் பற்றி நமக்குக் கற்பித்து ஓய்ந்தது. அவர்கள் கடிதம் எழுதினர், நாட்குறிப்பு வைத்தனர், நாவல் புனைந்தனர் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொல்லாதது ஆசிரியர் பிழையன்று. அவ்வேடுகள் கிடந்த இடமே அத்தகையது.

எழுத்து அம்மக்களிடம் ஒரு வழியாக மட்டும் வந்ததன்று. கிரீன்லாந்திற்கு 1721ஆம் ஆண்டில் ஹான்ஸ் எகெடே என்னும் போதகர் சென்றார். லாப்ரடார் கடற்கரையில் மொரேவிய சபையார் 1771இல் நைன் என்னுமிடத்தே நிலையூன்றினர். இவ்விரு நாடுகளிலும் ரோமன் எழுத்தே வழங்கலாயிற்று. கிரீன்லாந்தில் 1861ஆம் ஆண்டு தொடங்கிய பத்திரிகையொன்று அந்நாட்டார் மொழியிலேயே, அந்நாட்டாரே ஆசிரியராயிருக்க, இடையறாது வெளிவந்தது. 1914இல் மத்தியாஸ் ஸ்டோர்க் என்பவர் அம்மொழியின் முதல் நாவலை வெளியிட்டார்.

கனடாவின் கீழ்ப்பகுதியில் வரலாறு வேறு. ஆங்கு கிரீ என்னும் வேறொரு சாதியார்க்காக ஜேம்ஸ் எவான்ஸ் என்னும் மெதடிஸ்ட் பாதிரியார் 1840இல் வகுத்த எழுத்து, பின்னர் இனுயிட் மொழிக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, 1876 முதல் எட்மண்ட் பெக் பாதிரியாரின் முயற்சியாற் பரவிற்று. ஒரு மெய்க்கு ஒரு குறி. அக்குறி எத்திசை நோக்கித் திரும்பி நிற்கின்றதோ அதற்கேற்ப உயிரொலி மாறும். உயிரில்லா மெய்யைச் சிறிய குறியாக மேலே பொறிப்பர். உயிர்மெய்யும் புள்ளியும் பயின்ற நமக்கு இம்முறை ஒரு நாழிகையில் விளங்கிவிடும். வியப்பு யாதெனில், இவ்வெழுத்தைப் பரப்பியது பெரும்பாலும் பள்ளிக்கூடமன்று. தாய் மகளுக்கும், வேட்டைக்குச் சென்ற தோழன் தோழனுக்கும் கற்பித்து, போதகர் கால்வையாத கூடாரங்களுக்கும் எழுத்து முந்திச் சென்றது.

இங்ஙனம் எழுதினவர் எழுத்தில்லார் எனப் பெயர்பெற்றது எவ்வாறு? நாம் கருதுவது இது. கடிதத்தை எழுதினவர் இனுயிட் ஒருவர். பெற்றவரோ பாதிரியார், அல்லது வாணிகர், அல்லது ஆராய்ச்சிக்கு வந்த துரைமகனார். பெற்றவர் காலஞ்சென்றபின் அவருடைய காகிதங்களோடு அக்கடிதமும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு ஏட்டுச்சாலை சேரும். அட்டவணையில் ஏறுவது பெற்றவர் பெயர்; எழுதினவர் பெயர் கட்டினுள் உறங்கும். இலக்கியம் தேடுவோர் இலக்கியம் என்ற தலைப்பின்கீழ்த் தேடுவர். அவ்வேடோ மிஷன் கணக்கு, சாதியார் வழக்கம் முதலிய தலைப்புகளின்கீழ்க் கிடக்கும். ஆகவே இல்லை என்று எழுதினர். தேடத் தெரியாமையை இல்லாமை என்று கொள்வது புலவர்க்கு அழகன்று.

இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைச் சற்று விரித்துரைப்போம். லாப்ரடாரில் ஹெப்ரோன் என்னும் மொரேவிய மிஷன் ஊரில் ஆபிரகாம் என்பார் ஒருவர் இருந்தார். அகவை முப்பத்தைந்து. மனைவி பெயர் உல்ரிக்கே. உல்ரிக்கேயின் ஆபிரகாம் என்னும் பொருள்பட ஆபிரகாம் உல்ரிக்காப் என இன்று அவரை வழங்குவர். படிக்கவும் எழுதவும் வல்லவர். பிடில் வாசிப்பதிலும் தேர்ந்தவர். மிஷன் பண்டசாலையில் அவருக்குக் கடன் இருந்தது. அந்நாளில் ஹாம்பர்க்கு நகரத்து ஹாகன்பெக் என்னும் விலங்கு வாணிகர் தூரதேசத்து மக்களையும் விலங்குகளோடு காட்சிக்கு வைத்துப் பொருளீட்டி வந்தார். அவருக்காக ஆள் திரட்ட வந்த யாக்கோப்சன் என்பார், 1880ஆம் ஆண்டு கோடையில் ஆபிரகாமுக்கு நல்ல கூலி தருவதாகச் சொன்னார். கடனைத் தீர்க்கலாம், ஐரோப்பாவையும் காணலாம் என்று ஆபிரகாம் இசைந்தார். போகவேண்டாவென்று மிஷனரிமார் தடுத்தனர், கேட்டாரில்லை. மனைவி, பச்சிளங் குழந்தைகள் இருவர், தோபியா என்னும் இளைஞர் ஆகியோரோடு அவரும், ஞானஸ்நானம் பெறாத வேறொரு குடும்பத்தார் மூவரும் ஆக எண்மர் கப்பலேறினர்.

ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும் பிராகிலும் அவர்கள் விலங்குச்சாலை முதலிய இடங்களிற் காட்சிப்பொருளாயினர். ஆபிரகாம் தம் மொழியில் நாட்குறிப்பு எழுதி வந்தார். காண வந்த கூட்டம் தங்கள் குடிசைக்குள்ளேயே நெருக்கிப் புகுந்ததையும், தாம் சவுக்கும் ஈட்டியும் ஏந்தி வெகுண்டவராய்த் தோற்றி அவர்களை வெருட்டியதையும், தோபியாவை யாக்கோப்சன் நாய்ச்சவுக்கால் அடித்ததையும், வீட்டு நினைவால் தம் உள்ளம் வாடியதையும் அதில் எழுதினார். காணப்பட்டவர் கண்டாரைக் குறித்து எழுதிய நூல் இது. மனிதக் காட்சிகளைப் பற்றிய ஏடுகளுள் பெரும்பாலன காட்சி நடத்தினோரும் கண்டோரும் எழுதியவையாயிருக்க, காட்சிக்கு வைக்கப்பட்டவரே எழுதியதொன்று கிடைத்தது அருமையினும் அருமை.

புறப்படுமுன் அம்மை குத்துவிக்க மறந்தனர். பெரியம்மை கண்டு டிசம்பரில் ஒரு பெண் இறந்தாள். பின் ஒருவர்பின் ஒருவராக, 1881 ஜனவரி நடுவிற்குள் பாரிஸ் நகரில் எஞ்சியோரும் மாண்டனர். எண்மருள் ஊர் திரும்பியவர் ஒருவருமில்லை. திரும்பியது நாட்குறிப்பு ஒன்றே. ஹெப்ரோனிலிருந்த கிரெட்ச்மர் என்னும் மிஷனரி அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தெழுதினார்.

அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு அது ஒருவர் நினைவிலும் இல்லை. 1980ஆம் ஆண்டில் கார்த் டெயிலர் என்னும் கனடா தேசத்து மானிடவியற் புலவர், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்துப் பெத்லகேம் நகரிலுள்ள மொரேவிய ஏட்டுச்சாலையில், அந்த ஜெர்மன் பெயர்ப்பைக் கண்டெடுத்தார். எழுதியது லாப்ரடார், எழுதப்பட்டது ஐரோப்பாவில், கிடைத்தது பென்சில்வேனியாவில். 2005இல் ஹார்ட்முட் லுட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் கிரைப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் தம் மாணாக்கரோடு கூடி அதனை ஆங்கிலத்தில் ஆக்கி நூலாக வெளியிட்டார். ஒரு கலாசாலை வகுப்பு ஒன்றுகூடிச் செய்த காரியம் இது என்பதை நம் மாணவ நண்பர் கருதுவாராக. அந்நூலுக்கு அலூதுக் இப்பெல்லி என்னும் இனுயிட் எழுத்தாளரே முன்னுரை வரைந்தார். பின்னர், பிரான்ஸ் ரிவே என்னும் கனடிய அம்மையார் அந்நூலைத் துணையாகக்கொண்டு ஐரோப்பிய ஏட்டுச்சாலைகளைத் துருவி, ஐவருடைய எலும்புக்கூடுகள் பாரிஸ் நகரத்து இயற்கைப்பொருட் காட்சிசாலையில் இருப்பதை அறிந்து, 2014இல் தம் நூலில் வெளியிட்டார். உயிரோடிருந்தபோது காட்சிசாலையில் நின்றவர், இறந்த பின்னும் மற்றொரு காட்சிசாலையின் பொருளாயினர். ஏடு ஒன்று அகப்படாதிருந்தால் அதைத் தேடிச் செல்லவும் ஒருவர் தோன்றியிரார்.

ஆயினும் இவ்வாராய்ச்சி முழுமை பெற்றதென்று நாம் ஒப்பமாட்டோம். ஆபிரகாம் தம் மொழியில் எழுதிய மூலம் அகப்படவில்லை. நாம் ஆங்கிலத்தில் படிப்பது, ஜெர்மன் வாயிலாக இருமுறை வடிகட்டி வந்த குரல். அதில் எது ஆபிரகாமின் சொல், எது கிரெட்ச்மரின் சொல் என்று பிரித்தறிய வழியில்லை. பக்திச் சொற்கள் மிகுந்துள்ளனவே, அவை அவர் உள்ளத்தில் எழுந்தவையா, பெயர்த்தவர் வழக்கா? மூலமின்றி இவ்வினாவிற்கு விடையில்லை. கிரெட்ச்மரை நாம் குறைகூறவில்லை. அவர் பெயர்த்திராவிடில் ஒன்றுமே எஞ்சியிராது. அவருக்கு இலக்கிய உலகம் கடமைப்பட்டது. ஆனால் பெயர்ப்பு கிடைத்ததே போதுமென்று மனநிறைவு கொள்வோரை மட்டும் நாம் மறுக்கின்றோம்.

இவ்விழப்பின் அளவைத் தமிழர் தம் கதையாலேயே அறியலாம். டென்மார்க்கு அரசன் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவினாலேயே சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடிக்கும், எகெடே 1721இல் கிரீன்லாந்திற்கும் போந்தனர். கோபன்ஹேகனில் 1714இல் ஏற்பட்ட மிஷன் கழகம் ஒன்றே இவ்விரண்டு ஊழியங்களையும் மேற்பார்த்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் கிரண்டலரும் விடுத்த வினாக்களுக்கு விடையாகத் தமிழர் பலர் 1712 முதல் 1714 வரை எழுதிய 99 கடிதங்கள், ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. தமிழ் மூலங்களோ கிடைத்தில. நம் முன்னோர் தம் வாழ்வைப் பற்றித் தாமே இயல்பான தமிழில் எழுதியவற்றை, முந்நூறு ஆண்டிற்குப்பின் நாம் ஜெர்மன் வழியாகவே அறிகின்றோம். அக்காலத்துத் தமிழ் உரைநடை எவ்வாறிருந்தது என்று காட்டத்தக்க ஒரு புதையல் போயிற்று. லாப்ரடார் மக்கள் ஆபிரகாமின் ஏட்டைக் குறித்து என் வருந்துகின்றனர் என்று நாம் வினவ வேண்டுவதில்லை.

மூலம் இருந்தும் அதனைப் பாராது விட்ட கதைகளும் உள. மார்க்கூசி பட்சாக் என்பார் 1953இல் இளமையில் தம் குடும்பத்தோடு இனுக்ஜுவாக் என்னும் ஊரினின்று பெயர்த்து நெடுந்தொலைவில் வடக்கே குடியேற்றப்பட்டவர்; பின்னாளில் ஆகாயவிமானம் ஓட்டினவர். கரடி வேட்டையைப் பற்றி அவர் தம் மொழியில் புனைந்த கதை 1969, 1970ஆம் ஆண்டுகளில் இனுயிட் பத்திரிகையொன்றில் தொடர்ந்து வந்தது. அவரே அதனை ஆங்கிலத்தில் ஆக்க, பதிப்பாளர் கைபட்டு, இளைஞர்க்குரிய கதையாக 1970இல் நூலுருப்பெற்றது. உலகம் அறிந்தது அந்நூலையே. ஐம்பது ஆண்டு கழித்து, வாலரி ஹெனிட்யுக், மார்க் அந்துவான் மாயியூ என்னும் புலவர் இருவர் மூலத்தையெடுத்து, ஆசிரியரோடு கலந்து, இனுயிட் மொழியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெயர்த்து, மூலத்தையும் உடன்சேர்த்து 2021இல் வெளியிட்டனர். அதனைக் கையிலேந்தும் பேறு ஆசிரியர்க்கு வாய்க்கவில்லை. 2020 மார்ச்சில் அவர் மறைந்தார். இத்தகைய வேலையையே நாம் ஆராய்ச்சி என்போம்.

மித்தியார்ஜுக் நப்பாலுக் அம்மையாரின் வரலாறு இன்னும் இனியது. கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் வாழ்ந்த இவ்வம்மையாரை, 1950களின் தொடக்கத்தில் கத்தோலிக்கக் குருமார், தாங்கள் மொழி பயில்வதற்காகச் சொற்களையும் வாக்கியங்களையும் எழுதித் தருமாறு வேண்டினர். வாக்கியம் எழுதத் தொடங்கியவர், அதில் சனாக் என்னும் கைம்பெண்ணொருத்தியைப் படைத்துக் கதையே எழுதிவிட்டார். நாவல் ஒன்றை ஒருநாளும் படித்தறியாதவர் எழுதிய நாவல் அது! மொழிப்பயிற்சிக் குறிப்பு என்று அதனை மூலையில் வையாது, பெர்னார் சலடான் தாங்லூர் என்னும் பிரெஞ்சுப் புலவர் எழுதினவரை ஊக்கி முற்றுவிக்கச் செய்தார். 1984இல் இனுயிட் எழுத்திலும், 2002இல் பிரெஞ்சிலும், 2014இல் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. மூலம் முன்னும் பெயர்ப்புகள் பின்னுமாக அமைந்த இம்முறையே முறை.

இனுயிட் மொழியில் மூலத்தைப் படிப்போர் சிலரே, ஆகவே ஆங்கிலப் பெயர்ப்பே போதும் என்று வாதிப்பார் உளர். படிப்போர் சிலராயிருப்பதே மூலத்தை முதலில் வெளியிடுவதற்குக் காரணமாகும் என்பது எம் கருத்து. வீட்டில் பேசும் மொழியில் தம் பாட்டனார் எழுதியது அச்சில் உண்டென்று அறியாத பிள்ளை, அம்மொழியில் எழுதத் துணிவது எங்ஙனம்? 1979இல் ராபின் மக்ராத் அம்மையார் கனடாவின் இனுயிட் எழுத்துக்களுக்கு ஒரு விளக்க அட்டவணை தொகுத்து, 1984இல் அவ்விலக்கியத்தின் வளர்ச்சியைப் பற்றித் தனிநூலும் இயற்றினார். இத்துறையில் புகுவோர்க்கு அவை கைவிளக்கு. ஆனால் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைத் திறக்கவேண்டுவோர் ஆங்கிலம் மட்டும் கற்ற நம்போலியர் அல்லர், இனுயிட் மாணாக்கரே.

காலமும் பொறுக்குமாறில்லை. கனடாவின் இனுயிட் தேசிய அமைப்பு 2019ஆம் ஆண்டில் எல்லா ஊரார்க்கும் பொதுவாக ரோமன் எழுத்து முறையொன்றை ஏற்றது. ஒற்றுமைக்கும் பாடப்புத்தகத்திற்கும் அது நலமெனக் கருதினர். அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது, நாம் அதில் தலையிடோம். திசை திரும்பும் அப்பழைய எழுத்து பல ஊர்களில் இன்றும் வழங்குகின்றது. எனினும் அதனைக் கையெழுத்திற் சரளமாய்ப் படிக்கும் முதியோர் இருக்கும்போதே, கட்டுகளில் உறங்கும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவர்முன் வைத்துப் படிப்பித்து எழுதிக்கொள்வது, ஏட்டுச்சாலையார் இன்றே செய்யத்தக்க பணி. பக்கங்களைப் படம்பிடித்து ஊர்களுக்கு அனுப்புதல் இக்காலத்தில் அரிய காரியமன்று. எழுதினவர் பெயரால் அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பதற்குப் பொருட்செலவும் மிகுதியில்லை.

ஹெப்ரோன் மிஷன் 1959இல் மூடப்பட்டது. ஊரார் தெற்கேயுள்ள ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அதற்காக மாகாண அரசாங்கத்தார் 2005இல் மன்னிப்பு வேண்டினர். ஆபிரகாமின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் நூலாக வந்ததும் அவ்வாண்டே. அவர் கைப்பட எழுதிய அம்மூலம் இன்றுவரை கிடைத்திலது.