ஆபரேஷன் ஆனவரை நடக்க விடுங்கள்!

வீட்டில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தால், மற்றவர்கள் முதலில் என்ன சொல்கிறார்கள்? "அசையாமல் படுத்திருங்கள்!" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்த அன்பு நோயாளிக்குக் கெடுதல் செய்கிறது.

கல்லீரல், பித்தக் குழாய், கணையம் ஆகியவற்றில் வரும் புற்று நோய்க்குச் செய்யும் ஆபரேஷன்கள் மிகப் பெரியவை. கணையத்தின் தலைப் பகுதியில் கட்டி இருந்தால், அதோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்து விடுகிறார்கள். மிச்சம் உள்ளதைக் குடலோடு இணைக்கிறார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். 1935-ம் ஆண்டில் இந்த முறையை விளக்கி எழுதிய நியூயார்க் டாக்டர் ஆலன் விப்பிளின் பெயரால்தான் இது இன்றும் அழைக்கப்படுகிறது.

இதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

அந்தத் தெம்பை ஆபரேஷனுக்கு முன்பே சேர்க்க வேண்டும். டாக்டர் தேதி குறித்ததும் தினமும் நடக்கத் தொடங்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் தொடைக்கு வலு வரும். பீடி, சிகரெட், மது அடியோடு கூடாது. "நோயாளி ஆயிற்றே" என்று வெறும் கஞ்சியோடு நிறுத்துவதும் தவறு. டாக்டர் தடுக்காத வரை முட்டை, மீன், பருப்பு, தயிர் கொடுக்கலாம்.

மூன்று பந்துகள்

ஆஸ்பத்திரியில் மூன்று சிறு பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பலர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்! மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்பும்.

இது விளையாட்டல்ல. மேல் வயிற்றைக் கீறி ஆபரேஷன் செய்வதால், மூச்சு இழுத்தாலே வலிக்கும். வலிக்குப் பயந்து நோயாளி அரை மூச்சு விடுவார். சளி தங்கும். நிமோனியா வந்து விடும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக் கொண்டால் வலி குறையும்.

10 நாளில் 1 கிலோ

2007-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நல்ல ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய 1 கிலோ சதை குறைந்து விட்டது! நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி.

1990-களில் டென்மார்க் டாக்டர் ஹென்ரிக் கெலட், குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலியை அடக்கி, சீக்கிரம் உணவு கொடுத்து, எழுந்து நடக்க வைத்தார். அவர்கள் முன்னைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். அந்த வழியில் 2012-ல் கணைய ஆபரேஷனுக்கும், 2016-ல் கல்லீரல் ஆபரேஷனுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. இப்போது பல ஆஸ்பத்திரிகளில் மறுநாளே நோயாளியை எழுப்பி, கைத்தாங்கலாகச் சில அடி நடத்துகிறார்கள்.

"தையல் பிரிந்து விடாதா?" என்று மனைவி பதறுவார். டாக்டர் சொன்ன அளவுக்கு மெதுவாக நடப்பதால் பிரியாது. தண்ணீர்க் குடம் தூக்குவதுதான் ஆபத்து. அதைச் சில வாரங்களுக்குத் தொடக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு சங்கடம். கணையத்தை வெட்டியதால் செரிமான நீர் குறைந்து, மலம் எண்ணெய்ப் பசையோடு போகலாம். சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். "சூடு" என்று கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதற்கு மாத்திரை உண்டு. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும்.

பார்க்க வரும் உறவினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கொண்டால், நோயாளி மரியாதைக்காகப் படுத்தே கிடப்பார். நடக்க அனுமதி இருந்தால், பேசிக்கொண்டே அவரை வராந்தாக் கோடி வரை அழைத்துப் போய் வரலாம்.